வெந்தயம் மணக்கும் ஒயின்

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வந்தது வெந்தய வாசம். பக்குவமாக வறுத்த வெந்தயம், கூடவே வால்நட் பருப்பு. குடித்தால் இனிப்பு துளியும் இல்லை, நல்ல புளிப்பு, விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் அந்த மணம் தொண்டையிலேயே நிற்கிறது.

பிரான்சுக்கு ஒயினுக்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் போர்தோ, பர்கண்டி என்று போய்விடுகிறார்கள். பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் நடுவில் இருக்கிற ஜூரா மலையடிவாரம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பெசான்சோனில் ரயிலேறி ஆர்புவா என்ற சின்ன ஊரில் இறங்கினேன். இங்கே முதலில் சிவப்பைத்தான் ஊற்றுகிறார்கள், வெள்ளை அப்புறம்தான். வெளிறிய சிவப்பில் வரும் புல்சார் நன்றாகவே இருந்தது, ஆனால் நான் வந்தது கடைசியாக வரும் மஞ்சள் ஒயினுக்காக.

சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சையில்தான் அதைச் செய்கிறார்கள். நிலவறைக்கு அழைத்துப்போன அம்மா ஒரு பீப்பாயைக் காட்டி விளக்கினார். மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிவிடுவார்கள், காற்று பட்டால் கெட்டுவிடும் என்ற பயம். இங்கே நிரப்புவதில்லை. பாலில் ஆடை படிவது போல ஒயின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படிந்து காற்றை மட்டுப்படுத்துகிறது, அதன் அடியில் ஆறு வருடத்துக்கும் மேலாக ஒயின் அப்படியே கிடக்கிறது. சோட்டோலோன் என்ற வாசனைப் பொருள் உருவாவது அப்போதுதான், நம் வெந்தயத்தின் மணமும் அதே பொருள்தான். என் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை என்று தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்! இத்தனை வருடத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது, ஒரு லிட்டருக்கு மிஞ்சுவது 620 மில்லிதான் என்பது அவர்கள் கணக்கு. கிளாவ்லான் என்கிற அந்தக் குட்டையான பாட்டிலும் சரியாக அந்த அளவுதான் பிடிக்கும்.

லூயி பாஸ்டர் வளர்ந்தது இந்த ஊரில்தான், ஆற்றோரத்தில் அவர் வீடு இன்னும் இருக்கிறது. 1878-ல் இங்குள்ள தன் தோட்டத்துக் கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, வெளியிலிருந்து ஈஸ்ட் வந்து ஒட்டாத திராட்சை புளிக்காது என்று காட்டினார். அந்த நிலவறையைப் பார்த்த பிறகு அந்த வீட்டுக்குப் போனதால் எனக்கு அது வெறும் அருங்காட்சியகமாகத் தெரியவில்லை.

மறுநாள் குன்றின் மேலிருக்கும் ஷாத்தோ ஷலோன். மஞ்சள் ஒயினுக்கே பேர்போன கிராமம், விளைச்சல் தரமில்லை என்றால் அந்த வருடம் ஊர்ப்பெயரில் ஒயினே கிடையாது. 1974, 1980, 1984, 2001 எல்லாம் அப்படி விட்ட வருடங்கள். எத்தனை பேருடைய ஒரு வருட உழைப்பு அது!

இரவு கோழியை மஞ்சள் ஒயினிலும் கிரீமிலும் மோரல் காளான் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தார்கள், பிறகு கோந்தே பாலாடைக்கட்டி. நீங்கள் போனால் அந்தக் கட்டியில் ஒரு துண்டும் இந்த ஒயினில் ஒரு வாயும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கிளாவ்லான் வாங்கி வந்தேன். திறந்து மூன்று வாரம் ஆகிறது, பாதி மிச்சம் இருக்கிறது, வாசம் இன்னும் குறையவில்லை.