முதல் வீட்டுக் கடன்: 27 லட்சமா, 25 லட்சமா?

30 லட்சத்துக்குப் பழைய தனிவீடு பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம். அதாவது 27 லட்சம். மீதி 3 லட்சம் போதும் என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, அந்த 2.70 லட்சத்தை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. கையில் 5.70 லட்சம் வேண்டும்.

இன்னொன்று. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லையென்றால், பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு. ஆனால் வீடு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. 27 லட்சம் வாங்கினால் மானியம் மொத்தமும் போச்சு! எப்படியாவது இன்னும் 2 லட்சம் புரட்டி, கடனை 25-இல் நிறுத்துங்கள்.

மானியம் ஐந்து ஆண்டுத் தவணைகளாகத்தான் வரும். அதற்குள் அசலில் பாதியை அடைத்துவிட்டால் மீதித் தவணை கிடைக்காது.