துரை கொடுத்த அருவி

வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று அம்மா ஆரம்பித்தபோதே வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் இருந்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் அதன் பின்னாலிருந்து பல்லி வருகிறதோ இல்லையோ, ஒரு வழக்கு வந்துவிடும். போன தடவை அம்மியை முற்றத்துக்குத் தள்ளிப் போட்டதற்கே பெரியப்பா பொங்கல் வரைக்கும் யாரிடமும் பேசவில்லை. அவருக்கு அம்மியில் அரைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்தத் தடவை பட்டாசலில், அதாவது கூடத்தில், தொங்கும் அருவிப் படம். மலை, அருவி, இடது பக்கம் ஒரு மரம், கீழே எறும்பு சைஸில் ரெண்டு மனுஷங்க. பெயிண்டர் ஏணி போடுவதற்காக அதைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அம்மா போட்டோ எடுத்து, "எவ்வளவு அழுக்குப் பாருங்க" என்று குடும்ப வாட்சப்பில் போட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பெங்களூரிலிருந்து அத்தான் கேட்டார்: "மாமி, மூலையில கையெழுத்து மாதிரி இருக்கே, அது என்ன? டி-யா?"

அத்தானுக்கு ஓய்வு பெற்றதிலிருந்து எதிலும் நிதானம் கிடையாது. அன்று ராத்திரியே ஒரு நீளமான குரல் பதிவு வந்தது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று ரெண்டு வெள்ளைக்காரர்கள். வில்லியம், தாமஸின் உடன்பிறந்தார் மகன். 1792-இல் சென்னையிலிருந்து கிளம்பி, பல்லக்கு, கூடாரம், பரிவாரம் சகிதமாக மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் என்று தெற்கே சுற்றி, பார்த்ததையெல்லாம் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அப்போதுதான் மைசூர்ச் சண்டை ஒன்று ஓய்ந்திருந்த நேரம், ஊரே பதறிக் கிடக்க, இவர்கள் இருட்டுப் பெட்டியில் கண்ணாடி வைத்து, மலையின் நிழலைக் காகிதத்தில் விழவைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்களாம். லண்டனுக்குத் திரும்பியதும் 1795 முதல் 1808 வரை 144 படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். தாமிரத் தகட்டில் பிசின் பொடி தூவி, அமிலத்தில் அரித்து அச்செடுத்து, பிறகு கையால் வண்ணம் பூசிய படங்கள். அதில் ஒன்று பாபநாசம் அருவி. "மாமி, அது நம்ம அருவி. படமும் அதுவாத்தான் இருக்கணும்" என்று முடித்திருந்தார்.

இதில் அப்பாவுக்குப் பிடித்தது ஒரே விஷயம்தான். சென்னையில் அவர்கள் தங்கள் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு நடத்தி விற்றிருக்கிறார்கள். "சீட்டு நடத்தினவனா? அப்ப விவரமான ஆளுதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

மற்றவர்கள் தூங்கவில்லை. விடிவதற்குள் அந்தப் படத்துக்கு நான்கு உரிமையாளர்கள் முளைத்துவிட்டார்கள்.

பெரியப்பா சொல்வது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தாத்தா மில்லில் கணக்கு எழுதினார், சுதந்திரம் வந்ததும் ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை, கண் கலங்கி, இந்தப் படத்தைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனான். இதில் சிக்கல், தாத்தா மில்லில் சேர்ந்ததே 1951-இல்தான், பீரோவில் சர்வீஸ் சான்றிதழ் இருக்கிறது. அதைக் காட்டினால், "துரை உடனே போயிட்டானா? சாவகாசமாத்தான் போனான்" என்கிறார். பாபநாசம் தண்ணீரின் விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் மில் கட்டினார்கள் என்பது வரலாறு. அதனால் துரைக்கு அருவிமேல் பாசம் இருந்திருக்கும், அருவிப் படத்தைத்தான் கொடுப்பான் என்பது பெரியப்பாவின் தர்க்கம்.

அத்தை சொல்வது, அது அவளுடைய சீதனம். கல்யாணத்தன்று வேனில் பீரோவை ஏற்றிய பிறகு படத்துக்கு இடமில்லை, "இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்" என்று விட்டுப் போனாளாம். அந்த இப்போதைக்குள்ளே அவள் பேத்திக்கே கல்யாணம் ஆகிவிட்டது. சித்தப்பா, காலேஜ் படிக்கும்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு பங்களா ஏலத்தில் ஸ்காலர்ஷிப் பணத்தில் எடுத்ததாகச் சொல்கிறார். சித்தப்பாவுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தது யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். அம்மா கட்சி எளிமையானது: "வருசா வருசம் துடைச்சவளுக்குத்தான் சொந்தம்."

பெரிய அருங்காட்சியகங்களும் இதே தலைவலியோடுதான் இருக்கின்றனவாம். ஒரு ஓவியம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சங்கிலி அறுபடாமல் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் இருந்த படம் என்றால் 1933 முதல் 1945 வரை எங்கே இருந்தது என்று துருவுவார்கள், நாஜிகள் பிடுங்கிய சொத்தாக இருக்கலாம் என்பதால். அத்தான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தை, "அதத்தான் நானும் சொல்லுதேன், பிடுங்கிட்டாங்க" என்று தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

விவரம் தெரிந்தவர்கள் படத்தின் முகத்தைவிட முதுகைத்தான் முதலில் பார்ப்பார்களாம். விற்ற கடையின் சீட்டு, ஏல நம்பர், சட்டக்காரன் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். சரி, பிரித்துவிடலாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை கட்டிலைச் சுற்றி எல்லோரும். அத்தான் வீடியோ காலில், நெற்றி மட்டும் தெரிந்தது. சித்தப்பா ஸ்குரூடிரைவரோடு ஆபரேஷன் டாக்டர் தோரணையில்.

துருப்பிடித்த ஆணிகளை நெம்பி, கண்ணாடியைத் தனியாகத் தூக்கினார். கண்ணாடியோடு கையெழுத்தும் போய்விட்டது. படத்தின் மூலை சுத்தமாக இருக்கிறது, டேனியலின் டி கண்ணாடியில் இருக்கிறது. அம்மா முந்தானையை எச்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தாள். ஈ எச்சம்.

அத்தான் நெற்றி சுருங்கியது. "பரவால்ல, படத்த லென்ஸ் வச்சுப் பாருங்க" என்றார். வாட்ச் ரிப்பேர் கடையிலிருந்து, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்தக் கறுப்பு லென்ஸை வாங்கி வந்து நான்தான் பார்த்தேன். பச்சை மலை பச்சையே இல்லை, நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் வரிசை வரிசையாக, நடுவே ரோஸும் கறுப்பும். பழைய தகட்டு அச்சில் இப்படி ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் வராது, இது ஆப்செட், இந்தக் காலத்து மெஷின் அச்சு. சட்டத்துக்குள் மறைந்திருந்த அடி விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட ஒரு உரக் கம்பெனியின் பெயரும், 'ஜனவ' என்கிற அளவுக்கு ஜனவரியும் இருந்தன. அத்தான் மட்டும், "டேனியல் படத்தக் காலண்டர்ல போட்டிருக்கலாம்லா" என்றார். போனில் மூலப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அருவி மட்டும் ஒத்துப்போனது. எல்லா அருவியும் மேலிருந்து கீழேதான் விழுகிறது.

எல்லோரும் எழுந்துவிடத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் பெரியப்பா பின்பக்க அட்டையைத் திருப்பினார். முதுகைப் பார்க்க வேண்டும் என்று கூடியவர்கள், ஈ எச்சத்தில் அதை மறந்தே போயிருந்தோம். அப்பாவைப் பெற்ற ஆச்சியின் கையெழுத்து. காப்பியிங் பென்சில், ஈரம் பட்டால் மையாகுமே, அந்த ஊதா. ஒரு மூலையில் பால் கணக்கு, கோடு கோடாக, நடுநடுவே குறிப்புகள்: 'செவ்வாய் வரலை.' 'தண்ணி ஜாஸ்தி, சொல்லணும்.' 'சின்னவனுக்குக் காய்ச்சல், உழக்கு கூட.' கடைசியில், 'படம் சட்டம் கண்ணாடி 11 ரூ. கொடுத்தது 7. பாக்கி 4.'

ஆக துரையும் இல்லை, ஏலமும் இல்லை, சீதனமும் இல்லை. காலண்டர் தாளுக்கு ஆச்சி தவணையில் சட்டம் போட்டிருக்கிறாள்.

அதோடு சண்டை தீர்ந்தது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை என்று அர்த்தம். படத்தை ஒருவரும் சீந்தவில்லை, அட்டைக்குத்தான் அடிதடி. மூத்தவன் என்பதால் தனக்கு என்றார் பெரியப்பா. காய்ச்சலில் கிடந்ததே தான் என்பதால் தனக்கு என்றார் சித்தப்பா. அத்தை மட்டும் சண்டைக்கே வராமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினாள். தன் அம்மா பாலையெல்லாம் பயல்களுக்கே கொடுத்துவிட்டாள் என்று இத்தனை வருஷமாகப் புலம்புகிறவள் இல்லையா. ஓரத்தில் ஒரு வரி அகப்பட்டது. சத்தமாகப் படித்தாள்: "பிள்ளை பால் குடிக்க மாட்டேங்கா. அவ பங்கு மோர்." அப்புறம் இன்னொரு தடவை படித்தாள், பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்று காரணம் சொல்லி. அவரும் கேட்காத மாதிரியே இருந்தார். அட்டை அத்தையோடு தென்காசிக்குப் போய்விட்டது, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு. ஜெராக்ஸ் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

படம் இப்போது முதுகில்லாமல் கட்டிலில் கிடக்கிறது. அம்மாவுக்கு அது மறுபடியும் சுவரில் தொங்க வேண்டும். புது அட்டை, புது ஆணி, சட்டத்துக்கு வார்னிஷ் எல்லாம் சேர்த்துக் கடைக்காரர் 650 ரூபாய் சொல்கிறார். நான்கு உரிமையாளர்களும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று வாட்சப்பில் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. பெரியப்பா மட்டும் பதில் போட்டிருக்கிறார்: "அது உங்க வீட்டுப் படம்தானல?"