கோடு போட்ட காலண்டர் தாள்

2022 ஜூலை 24. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு எங்கள் ஊர் சந்தூருக்கு பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது, இந்தத் தடவை கிடைக்காது என்று. வீட்டில் கேட்டபோது "போன்தான் கெடுத்துச்சு" என்றேன். அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறைக்காக உட்கார்ந்தபோது போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். முதல் நாள் ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன். இரண்டாம் நாள் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டேன். மூன்றாம் நாள் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன் இல்லாமலே இப்படி என்றால், சரி, எத்தனை தடவைதான் எழுந்து போகிறேன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எடுத்துக்கொண்டேன். மனம் பாடத்தை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. பக்கத்தில், எந்த இடத்தில் போனது என்று இரண்டு சொல். போனை எடுத்தாலும் கோடு, தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கோடு, சும்மா நகத்தைப் பார்த்தாலும் கோடு. முதல் நாள் காலை 5 மணியிலிருந்து 7 வரை 23 கோடுகள். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு இருந்த ஒரு மணி நேரத்தில் நான்குதான். மீதி 19ம் 'வேலையும் நேரமும்' கணக்கில். அதிலும் கணக்கை வாசிக்கும்போது விழவில்லை. வாசித்து முடித்ததும், அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா அப்படியே நிற்குமே, அங்கேதான் வரிசையாக விழுந்திருந்தது.

ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன், அதே கதை. எனக்கு ரீல்ஸ் மேல் அவ்வளவு ஆசையெல்லாம் இல்லை. தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை, கிடைத்த கதவு வழியாக ஓடியிருக்கிறேன். போன் பக்கத்தில் இருக்கிற கதவு, அவ்வளவுதான்.

அதனால் கோடு குவிந்த இடத்தைத்தான் முதலில் உடைத்தேன். ஒரு வேலையை ஒருவர் 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பள்ளியில் பின்னத்தில் போட்டது, பின்னம் என்றாலே எனக்குக் கை நடுங்கும். எங்கள் வீட்டுத் தொழில் மா ஒட்டுச்செடி. வேலை என்றால் 30 செடி என்று வைத்துக்கொண்டேன், 10க்கும் 15க்கும் பொதுவாக வகுபடும் சின்ன எண் அதுதானே. அப்பா ஒரு நாளைக்கு 3 செடிக்கு ஒட்டுக் கட்டுகிறார், நான் 2 கட்டுகிறேன். சேர்ந்து 5. முப்பது செடிக்கு 6 நாள். (நிஜத்தில் அப்பா ஒரு நாளைக்கு 3 செடிதான் கட்டினார் என்றால் நாங்கள் பட்டினிதான்.) இப்படிப் பத்துக் கணக்கு போட்ட மறுநாள் அந்தத் தலைப்புக்கு நேரே மூன்றே கோடு. போன் மேஜை மேலேயேதான் கிடந்தது.

ஒட்டுக் கட்டுவதைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. ஆடி மழை ஈரத்தில் அப்பா உட்கார்ந்து வேர்ச்செடியின் தண்டை நடுவில் பிளப்பார், நல்ல ரக மாமரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகுவார், பாலித்தீன் நாடாவைச் சுற்றி இறுக்குவார். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் போன் எடுக்கமாட்டார். பெரிய தவம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கேட்டால், "கையெல்லாம் மாம்பால், ஒட்டும், எப்படி எடுக்கறது?" என்கிறார். கை காலியாக இல்லை, விஷயம் இவ்வளவுதான். அன்றிலிருந்து வெறுமனே வாசிப்பதை விட்டேன். வரலாறானாலும் அரசியலமைப்பானாலும் வாசித்த பத்தியிலிருந்து ஒரு கேள்வி எழுதியாக வேண்டும், பேனாவைக் கீழே வைக்கக் கூடாது. வேகம் குறையும், குறையட்டும்.

வெளியிலிருந்து வரும் தொந்தரவு வேறு ரகம். வீட்டில் இருந்து படிக்கிற பெண் என்றால் ஊருக்கே சும்மா இருப்பவள். "பாப்பா, மோட்டார் ஆஃப் பண்ணிட்டு வா", "பாப்பா, பெரியம்மா வந்திருக்காங்க, டீ போடு". மறுத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை, அந்தச் சண்டையே அரை மணி நேரத்தைத் தின்னும். டீ போடுவதற்கு ஐந்து நிமிடம்தான், திரும்பி வந்து பாடத்தில் மனம் ஊன்ற இருபது நிமிடம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: பாதியில் விட்ட வேலையில் நம் கவனத்தின் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த வேலைக்கு முழுதாக வராது. பிறகு 2018இல் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், எழுந்து போகும் முன் எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாக எழுதி வைத்தால் அந்த ஒட்டல் குறைவதைக் கண்டார். நான் செய்தது பென்சிலால் ஒரு வரி: "பக்கம் 64, அடுத்து சட்டப்பிரிவு 32 ஏன் முக்கியம்." எழுத அரை நிமிடம் ஆகும், அம்மா இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் முடிந்துவிடும்.

டெலிகிராம் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிடிஎஃப் சேர்ப்பது படிப்பதில்லை, கட் ஆஃப் சண்டை அதைவிட மோசம். ஆறு முதல் பத்து வரை பள்ளிப் புத்தகங்களை ஒழுங்காக முடிக்காமல் 400 பிடிஎஃப் வைத்திருந்தவள் நான்.

2024 ஜூன் 9, மறுபடி குரூப் 4 தேர்வு, மாங்காய் சீசன் உச்சத்தில். தெருவில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டெம்போக்கள் விடிய விடிய ஓடியதால் முந்தின இரவு தூக்கமே சரியில்லை. 3 மணி நேரம், 200 கேள்வி, ஒரு கேள்விக்கு 54 நொடி. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. வீட்டுப் பழக்கம் அங்கேதான் கைகொடுத்தது. பேனா நின்றால் இது ஓடும் இடம் என்று அடையாளம் தெரிந்துவிடும். 2022இல் ஒரு கணக்கில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பல நிமிடங்களை விட்டவள், இந்த முறை வினாத்தாள் ஓரத்தில் சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கடைசியில் கோடு போட்டவற்றுக்கு மட்டும் திரும்பி வந்தேன். அவற்றில் பாதி வந்தது. வராதவற்றுக்கு 'விடை தெரியவில்லை' என்ற E வட்டத்தைக் கருப்பாக்கினேன், எதையும் காலியாக விடக் கூடாது என்பதால்.

இப்போது இளநிலை உதவியாளர். போன் பையில் இருக்கிறது, பக்கத்து மேஜையில் பேச்சு ஓயாது. நேற்று மதியம் ஒரு கோப்பில் பழைய ஆணை ஒன்றைத் தேடிக் கிடைக்காமல், குறிப்பில் அடுத்த வரி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கை தானாகப் பை பக்கம் போனது. மேஜை காலண்டரில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "ஆணை எண்?" என்று எழுதிவிட்டு, கண்காணிப்பாளர் மேடத்திடம் கேட்கப் போனேன்.