ஏழு பிட்சர்கள்

சியோலில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் டீமில் பாதிப் பேர் எல்ஜி ட்வின்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ரசிகர்கள். டீம் லீடருக்கோ அது சின்ன வயதுப் பித்து. அந்த அணி அதுவரை கடைசியாகக் கோப்பையை வென்றது 1994-இல். அப்போது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். 2003-லிருந்து பத்து சீசன் பிளேஆஃப் பக்கமே எட்டிப்பார்க்காத அணி அது. இருந்தும் மனிதர் விடவில்லை.

கொரியாவில் லீக் சுற்றின்போது திங்கட்கிழமை தவிர தினமும் பேஸ்பால் உண்டு. ஒரு அணிக்கு ஒரு சீசனில் 144 ஆட்டம். லீக் சுற்றில் 14 ஆட்டம் ஆடும் ஐபிஎல்லைப் பார்த்துப் பழகிய எனக்கு இது மலைப்பாக இருந்தது. 2023-இல் ட்வின்ஸ் 86 வெற்றி, 56 தோல்வி, 2 டிரா என்று முதலிடத்தில் முடித்தது. 56 முறை தோற்ற அணிதான் முதலிடம்! தோற்ற மறுநாள் காலை காபி மெஷின் பக்கத்தில் டீம் லீடர் சொல்வது ஒன்றுதான்: “நேத்து போச்சு. இன்னைக்கு ஆறரைக்கு மறுபடி ஆட்டம் இருக்கே.” எங்கள் சாஃப்ட்வேரைச் சோதிக்க ராத்திரி ஓடிய டெஸ்ட் புட்டுக்கொண்டால் அதற்கும் இதே அணுகுமுறை. ஏன் என்று இரண்டு நிமிடம் பேசுவோம், அப்புறம் அன்றைய வேலை.

ட்வின்ஸின் புது மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) யோம் க்யோங்-யோப் மீது மட்டும் அவருக்குப் புகார் இருந்தது. பேஸ் திருடு, ஓடு என்று விரட்டிக்கொண்டே இருந்தார் யோம். எதிரணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு (ஓடி நிற்கவேண்டிய இடத்துக்கு) ஓடிவிடுவதுதான் திருட்டு; பிடிபட்டால் அவுட். அந்த சீசனில் 166 முறை திருடினார்கள். 101 முறை பிடிபட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் நஷ்ட வியாபாரம்தான். பயந்து ஆடக்கூடாது என்பதற்காகவே யோம் அப்படி ஓடவிட்டார் என்று வாதாடுகிறவர்களும் எங்கள் டீமில் இருந்தார்கள். எனக்கு இன்றும் டீம் லீடர் கட்சிதான்.

நவம்பரில் இறுதித் தொடர், கேடி விஸ் அணியுடன். முதல் ஆட்டத்தில் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் ட்வின்ஸின் பிட்சர் சோய் வோன்-டே, ஒன்பது இன்னிங்ஸில் முதலாவதிலேயே, ஒரே ஒருவரை அவுட் ஆக்கியதோடு வெளியேற்றப்பட்டார். நான்கு ரன் போய்விட்டது. அதற்குப் பிறகு ஏழு பிட்சர்கள் மாறி மாறி வந்தார்கள். மீதி முழுக்க எதிரணிக்கு ஒரு ரன் கூடக் கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் ஒவ்வொரு ரன்னாகச் சேர்ந்தது. எட்டாவது இன்னிங்ஸில் பார்க் டோங்-வோன் அடித்த ஹோம் ரன்னில் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) 5-4. அந்த ஏழு பேரில் யாரும் அதிக நேரம் பந்து வீசவில்லை. தன் பங்கை முடித்ததும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் டெஸ்ட் மெஷின்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. டீமிலேயே இளையவன் முந்தின நாள் மாலை செய்த ஒரு கான்ஃபிகரேஷன் மாற்றம் காரணம். ரிலீஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். முகம் வெளிறி நின்ற அவனை டீம் லீடர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர்டில் வேலையைத் துண்டு துண்டாக எழுதினார். ஆளுக்கு ஒரு துண்டு, அவனுக்கும் ஒன்று. எழுதி முடித்துவிட்டு, “நேத்து புல்பென் பார்த்தீங்கல்ல?” என்றார். ஆட்டத்தின் நடுவில் மாறி மாறி வரும் பிட்சர்களைத்தான் புல்பென் என்பார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா மெஷினும் ஓடின. யாரால் நின்றது என்ற பேச்சே எழவில்லை. வேறு இடங்களில் இதே மாதிரி நாட்களில் முதல் இரண்டு மணி நேரம் ஆள் தேடுவதிலேயே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சுவோனில் மூன்றாவது ஆட்டம். ட்வின்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) ஓ ஜி-ஹ்வான் ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்தைத் தவறவிட, கேடி முன்னிலைக்கு வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ட்வின்ஸ் 5-7 என்று பின்தங்கி, இரண்டு அவுட், இரண்டு பேர் பேஸில் இருந்தபோது பேட்டோடு வந்ததும் அவர்தான். வலப்பக்கம் ஹோம் ரன்; பேஸில் இருந்த இருவரோடு அவரும் வர மூன்று ரன். 8-7. பார்த்துக்கொண்டிருந்த கடையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. இளையவன் மட்டும் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 13, ஜாம்சில் மைதானத்தில் ஐந்தாவது ஆட்டம் 6-2. தொடர் 4-1. 29 வருடம் கழித்துக் கோப்பை. அடுத்த முறை வெல்லும்போது சிறந்த வீரருக்கு என்று மறைந்த எல்ஜி தலைவர் கூ பான்-மூ 1998-இல் வாங்கிவைத்த ரோலெக்ஸ் கைக்கடிகாரம் ஓ ஜி-ஹ்வானுக்குப் போனது. தான் கட்டிக்கொள்வதைவிட எல்லோரும் பார்க்கிற இடத்தில் அது இருப்பதே நல்லது என்றார் அவர். டீம் லீடர் அன்று ராத்திரி எனக்கு போன் செய்து, பேச முடியாமல் வைத்துவிட்டார்.

டிசம்பரில் எங்கள் ரிலீஸ். அன்று மெஷின்களின் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி வந்தபோது டீம் லீடர் இளையவனின் பெயரை எழுதினார். அவனுக்கே நம்பிக்கை இல்லை. “மத்தவங்க எல்லாம் பின்னாடிதான் இருக்கோம், நீ ஆரம்பி” என்றார். நடுவில் ஒரு தடவை சிக்கியது. சரிசெய்து முடிக்கும்போது மணி பதினொன்று.