அது சுளுக்கு இல்லை

என் பிசியோதெரபி கிளினிக் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கால் சரியில்லாதவர்கள் வரும் இடத்தைக் கொண்டுபோய் யாராவது மாடியில் வைப்பார்களா என்று கேட்காதவர் இல்லை. கீழ்க்கடைக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். மொத்தம் 19 படி. அதில் ஒரு லாபமும் உண்டு. ஏறி வருகிறவரின் காலடிச் சத்தத்திலேயே எந்தக் காலில் நோவு, எவ்வளவு நோவு என்று எனக்குப் பாதி தெரிந்துவிடும். அந்தக் காதை நம்பித்தான் ஒருமுறை ஏமாந்தேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள். என் அப்பாவும் செம்பனைக் குலை வெட்டியவர்தான். ஆகவே தோட்டத்தில் ஒருவர் எப்படி விழுவார் என்பதை நான் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைப் பூட்டி, கழுத்தை அண்ணாந்து, ஓலையை அறுத்துக் குலையை இழுப்பார்கள். 20 கிலோக் குலை சரிந்து வரும்போது கண் மேலே இருக்கும், கால் பின்னால் போகும். காலடியில் உதிரிப் பழம் உருளும், இல்லாவிட்டால் சரிவில் வெட்டிய மேட்டுப் படியின் விளிம்பு நழுவும். பின்பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு, கையை ஊன்றினால் மணிக்கட்டு. மழைநாளில் செம்மண் சடக்கில், அதாவது தோட்டத்துச் சாலையில், மோட்டார் சைக்கிள் சறுக்கினால் காறையெலும்பு. வந்தவர் வாய் திறக்கும் முன்பே நான் மனத்துக்குள் அவரை ஒருமுறை விழவைத்துப் பார்த்துவிடுவேன்.

அந்தத் தம்பி வந்தது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். அவன் அப்பா தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். மகன் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சீனப் பெருநாள் விடுமுறையில் நண்பர்களோடு ஜப்பானின் சப்போரோவுக்கு விமானம் ஏறி, ஹொக்கைடோ மலையில் ஸ்னோபோர்டு, அதாவது ஒரே பலகைமேல் நின்று பனியில் சறுக்குவது, பழகி, மூன்றாம் நாள் விழுந்திருக்கிறான். இடது மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் கட்டுப் போட்டு அவிழ்த்தாயிற்று.

"கைய மடக்க முடியல, அக்கா. கால்லயும் ஒரு சுளுக்கு இருக்கு, அது பரவால்ல" என்றான்.

எங்கள் ஊரில் பனி என்றால் துருவிய ஐஸில் செய்யும் ஐஸ் கச்சாங்தான். பனிச்சரிவை நான் டிவியில் பார்த்ததோடு சரி. அவனை என்னால் மனத்துக்குள் விழவைத்துப் பார்க்க முடியவில்லை. அப்போதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கட்டு அவிழ்த்த கை கண்முன்னால் விறைத்துக் கிடந்தது, எல்லாரும் கையையே பார்த்தோம். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் கணுக்கால் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று கடிதத்திலும் எழுதியிருந்தது. சுளுக்குக்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். ரப்பர் பட்டை, ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. மூன்று வாரத்தில் கை நன்றாகத் திரும்பியது. கால் மட்டும் அப்படியே. படியேறும் சத்தம் முதல் நாள் கேட்டது போலவே கேட்டது. சொன்ன பயிற்சியை வீட்டில் செய்யாமல் ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவனைத் திட்டினேன். அதற்குள் அவன் அம்மா ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருந்தார். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

நான்காவது வாரம், சும்மா ஒரு சந்தேகத்தில், கணுக்காலின் வெளிமுட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரற்கடை முன்னால் பெருவிரலை வைத்து அழுத்தினேன். அவன் கால்விரல் ஐந்தும் சுருண்டுகொண்டன. வாய் "ஒண்ணுமில்லக்கா" என்றது. விழுந்து இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகியும் ஒரு புள்ளியில் இப்படி வலித்தால் அதைச் சுளுக்கு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

"எப்படித் தம்பி விழுந்த?"

படுக்கை விரிப்பைச் சுருட்டி ஒரு மேடு கட்டினான். என் மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்து, அதன்மேல் இரண்டு விரலைக் குறுக்காக ஊன்றினான். விரல்கள்தான் கால், அடிக்கோல்தான் பலகை. இடது கால் முன்னால். வேகம் கொஞ்சம் கைமீறித்தான் போயிருக்கிறது, அதை அவனே ஒப்புக்கொண்டான். மேட்டைத் தாண்டியதும் கீழே, சரிவின் நட்டநடுவில், யாரோ ஒருவர் உட்கார்ந்து காலில் வார் மாட்டிக்கொண்டிருக்கிறார். இவன் பலகையை வெடுக்கென்று திருப்ப, அது தரையைவிட்டு எழும்பி, முன்கால்மேல் முழு எடையோடு இறங்கியிருக்கிறது. அடிக்கோலைத் திருப்பிக் காட்டும்போது அவன் முன்விரல் மேல்நோக்கி மடங்கி உள்பக்கமாக முறுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கவிழ்ந்து கையை ஊன்றியிருக்கிறான்.

கை உடைந்தது விழுந்தபோது. கால் அதற்கு முன்பே போய்விட்டது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே தாலஸ் என்று ஓர் எலும்பு இருக்கிறது. அதன் வெளிப்பக்க நுனி முறிவதற்கு ஸ்னோபோர்டர் முறிவு என்றே பேர். காலுக்கொரு பட்டை மாட்டிச் சறுக்கும் ஸ்கீக்குப் போடும் பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக், கணுக்காலை அசையவிடாது, முறுக்கு முழங்காலுக்கு ஏறிவிடும். ஸ்னோபோர்டு பூட்ஸ் பெரும்பாலும் வளைந்துகொடுக்கும். இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும், விழும்போது ஸ்கீயைப் போலக் கழன்றும் கொள்ளாது. ஆகவே அடி மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் வரும். வெளிமுட்டுக்குக் கீழே வலி, வீக்கம், எல்லாம் சுளுக்கைப் போலவே இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும், சிடி ஸ்கேனில்தான் சிக்கும். கையில் விரித்துவைத்த பாடம் போல இருந்தது. நான் மூன்று வாரம் அந்தக் காலைக் குதிகால் தூக்கவைத்திருக்கிறேன்.

அரசாங்க மருத்துவமனையில் ஸ்கேனுக்கு வரிசை நீளம் என்பதால் கைக்காசு போட்டு வெளியே எடுத்தான். நுனி எலும்பு மூன்று சில்லாகக் கிடந்தது. உடனே பார்த்திருந்தால், விலகல் இல்லையென்றால் கட்டு, விலகியிருந்தால் திருகாணி. இவ்வளவு தள்ளிப்போனதால் சில்லுகளை எடுத்துவிடுவதே நல்லது என்று எலும்பு டாக்டர் முடிவு செய்தார். நான் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, "விடும்மா, சின்சேயும் சுளுக்குன்னுதான் சொன்னாரு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை.

அறுவைக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்தான். அப்போதுதான் நான் மலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 10 விதிகள் வைத்திருக்கிறது. மேலிருந்து வருகிறவன்தான் கீழே இருப்பவருக்கு ஆபத்து வராதபடி வழி பார்த்துப் போக வேண்டும் என்பது ஒன்று. குறுகலான இடத்திலும் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிற்காதே, விழுந்தால் சீக்கிரம் ஒதுங்கு என்பது இன்னொன்று. வேகம் உன் கட்டுக்குள் இருக்கட்டும் என்பது வேறொன்று. ஆக, மேட்டுக்குக் கீழே உட்கார்ந்தவர் ஒன்றை மீறினார், இவன் இரண்டை. மேலே இருப்பவனுக்குப் பொறுப்பு என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் தோட்டத்துச் சடக்கில் குலை ஏற்றிய லோரி இறங்கினால் கீழே இருக்கிறவன்தான் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும்.

தலைக்கவசம் போட்டிருந்தானா என்று அவன் அம்மா தினமும் கேட்பார். போட்டிருந்தான், வாடகைக்கு எடுத்தது. பலகையின் பின்விளிம்பு பனியில் சிக்கினால் மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபடும், அதனால் அது அவசியம்தான். அதோடு எல்லாம் தீர்ந்ததென்றும் இல்லை. 2013 டிசம்பரில் பிரான்சின் மெரிபெல் மலையில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஸ்கீயில் விழுந்து பாறையில் மோதியபோது அவர் தலையிலும் கவசம் இருந்தது. இதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

தம்பிக்கோ ஸ்னோபோர்டு வீரர் மார்க் மெக்மாரிஸ்தான் உதாரணம். அந்தக் கனடாக்காரர் 2017 மார்ச்சில் விஸ்லர் பக்கம் மரத்தில் மோதித் தாடை, கை, இடுப்பெலும்பு, விலா என்று உடைந்து, மண்ணீரல் கிழிந்து, நுரையீரல் சுருங்கிக் கிடந்தவர். 11 மாதம்கூட ஆகவில்லை, 2018 பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம். (மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இரண்டு பேரை அனுப்பியதும் அந்த முறைதான்.) "அவராலயே முடிஞ்சிருக்குக்கா" என்பான். "அவருக்கு ஒரு பட்டாளமே இருந்திச்சு, உனக்கு செவ்வாயும் வெள்ளியும் நான் மட்டும்தான்" என்பேன்.

நோவு போனதும் குணமாகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பனியில் விழுந்தவனானாலும் தோட்டத்தில் விழுந்தவரானாலும். குலை வெட்டுகிறவருக்காவது காரணம் இருக்கிறது. நாலு நாளாவது எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, இருந்தால் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோ தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தரும். ஆனாலும் வெட்டும் பாரத்துக்கான கூலி போய் எம்சியும் நீண்டால் தன் நிறையை, அதாவது தனக்குரிய மரவரிசையை, வேறொருவன் வெட்டிவிடுவான் என்ற பயம் பெரிது. இவனுக்கு என்ன அவசரம்? டிசம்பரில் பனி விழுமாம், நண்பர்கள் டிக்கெட் பார்க்கிறார்களாம்.

பாதத்தை உள்ளும் புறமும் சாய்க்கிற மூட்டுதான் அவனுக்கு இறுகிப்போயிருந்தது. கிளினிக் சமதரையில் அது வேலை செய்யாது. மேடுபள்ளம் வேண்டும். மண்டோர் அப்பா அதற்கு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப் படி வரிசையில் குறுக்காக நடப்பான், ஒரு காலுக்கு மேடு, ஒரு காலுக்குப் பள்ளம், திரும்பும்போது மாற்றி. ஓலை அடுக்கைத் தாண்டும்போது முள் பார்த்து. அப்பா பின்னால் மோட்டாரில் உருட்டிக்கொண்டே வருவார். ஐந்து மாதத்தில் ஒற்றைக் காலில் குதித்து இறங்க முடிந்தது. மூட்டு முழுசாகத் திரும்பவில்லை, திரும்பப்போவதும் இல்லை. பின்னாளில் அங்கே தேய்மானம் வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் டிசம்பரை விட்டுக்கொடுத்தான். அடுத்ததற்குப் போனான், மணிக்கட்டுக் காப்பு வாங்கிக்கொண்டு. எனக்குச் சம்மதமில்லை. என்னிடம் அவன் கேட்கவும் இல்லை.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். வலது கால் என்று படியிலேயே தெரிந்துவிட்டது.

"சுளுக்குதாம்மா. நாளைக்கு வேலைக்குப் போவணும், பட்டை மட்டும் கட்டி விடு."

நான் படுக்கை விரிப்பைச் சுருட்டி மேடு கட்டி, அடிக்கோலை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னம்மா இது, போலீஸ்காரன் மாதிரி" என்று சிரித்தார். பிறகு அடிக்கோலை நிமிர்த்தி, "இதான் மரம்" என்று இடக்கையில் பிடித்துக்கொண்டார். வலக்கை விரல் இரண்டும் மரத்தடியில் நின்றன, அண்ணாந்தது போலக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தன, ஓரடி, இரண்டடி பின்வாங்கின. மேட்டு விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"வலது கால் நழுவி..." என்றார். "இல்ல, இரும்மா. மொதல்ல இடதுதான்."

விரல்களைத் திரும்ப மரத்தடிக்குக் கொண்டுபோனார்.