ஸ்லோ குக்கரில் சாசேஜ் ராஜ்மா சூப்: மூன்றாம் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு, ஃபால் ரிவர் முதலிய ஊர்களில் குடியேறிய போர்ச்சுகீசியர்களின் வீட்டுச் சமையலில் கேல் கீரை சூப்புக்குத் தனி இடம் உண்டு. பூண்டும் பாப்ரிகாவும் சேர்த்துப் புகையூட்டிய லிங்குயிசா என்ற பன்றி இறைச்சி சாசேஜ், ராஜ்மா, உருளைக்கிழங்கு, கேல் கீரை ஆகியவை சேர்ந்த அந்தச் சூப்பை, மென்சூட்டில் பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் செய்து பார்க்கும் என் முயற்சி, இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் முறையில்தான் கைகூடியது.

முதல் முறை, இரவு முழுவதும் ஊறிய ராஜ்மாவைத் தக்காளியுடன் நேரடியாகக் குக்கரில் போட்டு, எட்டு மணி நேரம் ‘லோ’வில், அதாவது குறைந்த சூட்டில், வைத்தேன். பயற்றின் நடுப்பகுதி வேகவே இல்லை. தக்காளியின் புளிப்பு பயற்றை எளிதில் குழைய விடாது என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் வகை நச்சுப்பொருள் உள்ளது. சரியாக வேகாத நான்கைந்து பயறுகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும். குக்கரின் மென்சூடு அந்த நச்சை அழிக்கப் போதாது. சுமார் 80 டிகிரி செல்சியஸில் அரைகுறையாக வெந்தால் அதன் வீரியம் கூடவும் செய்யும். பிரஷர் குக்கரில் விசில் எண்ணிப் பழகிய எனக்கு இது புதிய செய்தி. மனம் வராமல்தான் அந்தச் சூப் முழுவதையும் கொட்டினேன்.

இரண்டாம் முறை ராஜ்மாவை முதலில் அடுப்பில் கொதிக்கவிட்டதால் பயறு நன்றாக வெந்தது. ஆனால், சாசேஜ் முழுவதையும் தொடக்கத்திலேயே போட்டதால் அதன் சுவையெல்லாம் நீரில் இறங்கித் துண்டுகள் சக்கையாகிவிட்டன. மூடிய குக்கரில் நீர் அதிகம் ஆவியாகாது என்பதை எண்ணாமல் ஊற்றிய தண்ணீரால் சூப்பும் நீர்த்துப்போனது.

இம்முறை 250 கிராம் ராஜ்மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி உப்புடன் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புதிய தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்து மீண்டும் வடித்தேன். 300 கிராம் சாசேஜை வில்லைகளாக நறுக்கிச் சிவக்க வறுத்து, அதில் இறங்கிய கொழுப்பிலேயே வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கினேன். பாதி சாசேஜ், வதக்கியவை, ராஜ்மா, பிரிஞ்சி இலை, ஒன்றேகால் லிட்டர் கோழி எலும்புச் சாறு ஆகியவை முதலில் குக்கருக்குள் சென்றன. ஐந்து மணி நேரம் ‘லோ’வில் வெந்த பிறகு, பெரிய துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கைச் சேர்த்து ‘ஹை’க்கு மாற்றி, மேலும் மூன்று மணி நேரம் விட்டேன். கடைசி நாற்பது நிமிடத்தில்தான் தக்காளியும், கேல் கீரையும், மீதி சாசேஜும் சேர்ந்தன. சாசேஜிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பின்னரே உப்புச் சேர்த்தேன்.

இரண்டு கரண்டி ராஜ்மாவை மசித்துத் திரும்பக் கலந்ததும், மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலேயே, நான் விரும்பிய கெட்டிப்பதம் வந்தது. பயறு தோல் உரியாமல் வெண்ணெய்போல் வெந்திருந்தது. கேல் தண்டுகள் மட்டும் இன்னும் நார்நாராக இருந்தன. அடுத்த முறை தண்டை நீக்கிவிட்டு, இலைகளைச் சுருட்டி மெல்லிய இழைகளாக நறுக்கிப் போடவிருக்கிறேன்.