கதவு உரசும் இடம்

மார்ச் 4

உள்ளறைக் கதவின் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. மேலே வெள்ளை, கீழே பழுப்பு, அதற்கும் அடியில் பச்சை. அந்தப் பச்சை எந்தக் காலத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மரம் வரை எல்லா அடுக்கும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு துண்டு சுரண்டி, ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். மகள் பிள்ளையோடு வருவதற்குள் பதில் வந்துவிட வேண்டும்.

மார்ச் 5

உப்புத்தாளைக் கையால் தொடவில்லை.

மார்ச் 7

பழைய எனாமலில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் சேர்த்தார்கள். பெயின்ட் உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பயம் குறைவு. தூளானால்தான் ஆபத்து. சுவர் சும்மா நிற்கும், கதவு அப்படியா? ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் நிலையில் உரசி, கண்ணுக்குத் தெரியாமல் தூள் உதிர்கிறது. முகப்பு எவ்வளவு பளபளத்து என்ன பயன்? தவழ்கிற பிள்ளை தரையில் கை ஊன்றும், அந்தக் கையையே வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சின்ன உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ராத்திரி எழுந்துபோய்க் கதவடியை ஈரத்துணியால் துடைத்தேன். பெருக்கினால் தூள் எழும்பும்.

மார்ச் 8

பின்னறைக் கதவு நாங்களே புதிதாகப் போட்டது, அதில் பயமில்லை. 180 நம்பர் தாளில் தேய்த்து, துடைத்து, முன்பே பிரைமர் கொடுத்து வைத்திருந்தேன். இன்று எனாமல். முதலில் உள்பலகைகள், அப்புறம் குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுஞ்சட்டங்கள். ஈரம் இருக்கும்போதே மரத்தின் ஓட்டத்தில் பிரஷ்ஷை லேசாக இழுத்துவிட்டால் கோடு நிற்காது. பலகையின் மூலைகளில் பெயின்ட் தேங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வழியும், அதனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு வழிசல் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 9

தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் எனாமல் உள்ளே முழுசாக இறுகச் சில வாரம் பிடிக்கும். இப்போதே சாத்திவைத்தால் நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தோலாக உரிந்து வரும். அதனால் திறந்தே கிடக்கட்டும்.

ஆய்வகத்திலிருந்து மெயில் வரவில்லை.

மார்ச் 10

"அம்மா, ரூம் ரெடியா?" என்று போனில் கேட்டாள். ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன்.

மார்ச் 12

வந்துவிட்டது. புது பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று சொல்லும் உச்ச அளவே பத்து லட்சத்தில் 90 பங்குதான். இது அதைப் பல மடங்கு தாண்டியிருக்கிறது. அந்தப் பச்சைதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி. தேய்க்கப் போவதில்லை, சூடு காட்டி உரிக்கப் போவதும் இல்லை. கதவையே கழற்றிவிடலாம். கதவு போனால் உரசலும் போகும். நிலையில் பெயின்ட் கெட்டியாகத்தான் நிற்கிறது. ஈரத்துணியால் துடைத்து, வழவழப்பிலும் பிடிக்கிற பிரைமர் ஒன்று, மேலே இரண்டு கோட். வாசலுக்குத் திரைச்சீலை போதும்.

மார்ச் 13

கீல் திருகுகள் பெயின்ட்டுக்குள் புதைந்து கிடக்கின்றன. தண்ணீர் தெளித்துக்கொண்டே கத்தி முனையால் திருகின் பள்ளத்தை மட்டும் திறக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரித்தாயிற்று. தச்சர் காலையில் வருகிறார். மெஷின் எதுவும் எடுத்துவர வேண்டாம் என்று இன்று ராத்திரியே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.